குளிர்ப்பெட்டி தேவைப்படாத கண் அழுத்தச் சொட்டு மருந்து பற்றி உதவி வேண்டும்

பர்மாவில் பெகு நகருக்கு அருகில் வசிக்கும் என் தந்தைக்கு வயது 68. கிளாக்கோமா எனப்படும் கண்நீர் அழுத்த நோய்க்காக 2021 முதல் இரு கண்களிலும் இரவில் லட்டானோபிராஸ்ட் என்ற சொட்டு மருந்தை விட்டு வருகிறோம். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்க வேண்டும். திறந்தபின் 25 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. இங்கு மின்சாரம் நாளின் பெரும்பகுதி இருப்பதில்லை. வெயில் காலத்தில் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரியைத் தாண்டுகிறது. 16 ஆக இருந்த கண் அழுத்தம் கடந்த பரிசோதனையில் 25 ஆக ஏறியிருந்ததால், மருந்து வீரியம் இழந்திருக்கலாம் என்று மருத்துவர் ஐயப்படுகிறார்.

ஈரச்சாக்கு சுற்றிய மண்பானைக்குள் குப்பியை வைத்துப் பார்த்தோம். திறக்காத குப்பிக்குத் தேவையான 8 டிகிரிக்குக் குறைவான குளிர்ச்சி கிடைக்கவில்லை. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தபோது மருந்து உறைந்தே போயிற்று. ஆஸ்துமா இருப்பதால் டிமோலால் என்ற மாற்றுச் சொட்டு மருந்து கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பிரிமோனிடின் என்ற இன்னொரு சொட்டு மருந்தை விட்டதும் இமைகள் சிவந்து தடித்து, தாங்க முடியாத அரிப்பு ஏற்பட்டதால் அதையும் நிறுத்தினோம். இந்நோயில் இழந்த பார்வை திரும்புவதில்லை என்பதால் காலதாமதத்தை நினைத்தாலே மனம் பதறுகிறது.

25 டிகிரி வரை தாங்கும் டிராவோபிராஸ்ட் அல்லது பிமாட்டோபிராஸ்ட் ஆகியவற்றுள் ஒன்றை மருத்துவர் எழுதித்தர இசைந்துள்ளார். குப்பியை ஈரப்பானையில் அந்த அளவுக்குள் வைத்துக்கொள்ள இயலும் என்று நம்புகிறோம். ரங்கூனிலோ பெகுவிலோ இவை தொடர்ந்து கிடைக்கும் மருந்துக்கடை எது?