கார்புரேட்டருக்குள் பனி: வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
குழுவினருக்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான எஞ்சின் பாடநூல் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் நிற்கிறது. 1959இல் இங்கிலாந்தில் வந்த மினி காரைப் பாடம் எடுத்துக்காட்டுகிறது. அதன் ஏர் ஃபில்டர் டப்பாவுக்கு ஒரு மூக்கு உண்டு. குளிர்காலத்தில் அதை எக்ஸாஸ்ட் பக்கம் திருப்பினால் சூடான காற்று உள்ளே போகும். கோடையில் விலக்கி வைக்கலாம். வேகம் கூடட்டும் என்று சிலர் டப்பாவையே கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டரை மாட்டுகிறார்கள். நவம்பர் வந்ததும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி படிந்து வண்டி திணறி நிற்கிறது. இதற்குக் 'கார்புரேட்டர் உறைவு' என்று எழுதியிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்:
ஏன் ஒப்பவில்லை அம்மா? பால் உறைகிறது, அதற்கு ஊற்றும் மோரும் உறை. வாளை மூடுவது உறை. ஓரிடத்தில் தங்குவதும் உறைதல். இங்கே நீர் கெட்டியாகிறது, கார்புரேட்டருக்குள் இருக்கும் தகட்டை மூடுகிறது, அங்கேயே தங்கியும் விடுகிறது. மூன்றும் ஒரே வேரா என்பதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். எனக்கு உறுத்துவது 'கார்புரேட்டர்'தான். 'வளிகலப்பி' என்று போடுங்கள்.

பட்டறைப் பயிற்றுநர், கோவை:
ஐயா, 'உறைவு' என்றால் பையன்கள் பெட்ரோலே உறைந்துவிட்டதாக எழுதுவார்கள். உறைவது பெட்ரோல் இல்லை. அது ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்றழுத்தமும் இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து உள்ளே போகும் காற்று 20 டிகிரிகூடக் குளிர்ந்துவிடும். அந்தக் காற்றிலிருக்கும் ஈரம்தான் காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டில் கட்டியாகிறது. அதனால் வெளியே 10 டிகிரி இருக்கும் ஈரக்காலையிலும் இது நடக்கும். கடுங்குளிரில் காற்று வறண்டிருப்பதால் அவ்வளவாக நடக்காது. ஈரம் காற்றிலிருந்து வந்தது என்று சொல்லிலேயே தெரிய வேண்டும். துரு பிடிக்கிறது, பாசி பிடிக்கிறது. அதுபோல 'பனிப்பிடிப்பு'. வளிகலப்பி என்று கேட்டால் எந்தப் பட்டறையிலும் எடுத்துத் தர ஆளில்லை ஐயா.

பள்ளி ஆசிரியை, லீட்ஸ் (ஊர் யாழ்ப்பாணம்):
நாங்கள் ஒரு பழைய மினி வைச்சிருந்தனாங்கள். இவர் ஆசைப்பட்டுக் கூம்பு ஃபில்டர் போட்டவர். தூறலும் பனிப்புகாருமான காலமை இருபது நிமிசம் நல்லா ஓடும், பிறகு மூச்சடைச்சு நிண்டிடும். பத்து நிமிசம் பொறுத்தால் எஞ்சின் சூட்டில உருகித் திரும்ப ஸ்டார்ட் வரும். பிளக் மாத்தினம், பெட்ரோல் பம்ப் மாத்தினம். கடைசியில பழைய டப்பாவைப் பூட்டி மூக்கைத் திருப்பின பிறகுதான் சரிவந்தது. 'பனிப்பிடிப்பு' எண்டால் பிள்ளைக்குத் தடிமன் பிடிச்ச மாதிரி எனக்குக் கேட்குது. கிணத்துக் குழாயில உப்புக் கட்டும், ஃப்ரிட்ஜில ஐஸ் கட்டும். 'பனிக்கட்டு' எண்டு வைச்சால் என்ன?

பேராசிரியர்:
அச்சில் அது 'பனிக்கட்டி'யின் பிழையாகத்தான் தெரியும். தவிர, பனி என்றால் நமக்கு உறைந்த நீர் அன்று. முன்பனி மார்கழியும் தையும். அப்போது புல்லில் இருப்பது நீர்த்துளி. குறளில் கண்ணிலிருந்து வழிவதும் பனிதான். பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருள். கட்டியான நீருக்கு 'ஆலி' என்ற பழஞ்சொல் இருக்கிறதே. ஆலங்கட்டி மழை என்று இன்றும் சொல்கிறோம். 'ஆலியடைவு' என் பரிந்துரை.

பயிற்றுநர்:
ஆலி மேலிருந்து விழுவது ஐயா. இது இருந்த இடத்திலேயே ஏடு ஏடாக வளர்வது. நடுங்குதல் என்றீர்களே, நிற்பதற்கு முன் எஞ்சின் நடுங்கத்தான் செய்யும். பனியே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் 'கட்டு' பக்கம்தான் கூட்டம். பிழையென்று தோன்றாதிருக்க வினையாகவே வைத்து, 'கார்புரேட்டரில் பனி கட்டுதல்' என்று தலைப்பிட்டுக் கோப்பை அனுப்பிவிட்டேன். லீட்ஸ் அக்காவுக்கு நன்றி.

பேராசிரியர்:
கலைச்சொல் கேட்டீர்கள், ஒரு தொடரை அனுப்பியிருக்கிறீர்கள். சொல்லடைவில் இதை எந்த எழுத்தின் கீழ் வைப்பீர்கள், ககரத்திலா பகரத்திலா? என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். 'உறை' பற்றிய மடல் நாளை வரும்.