புதுப்பிப்பு: ஃபேரி ரென் குருவியின் படம் கிடைத்துவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிப்ஸ்லாந்து பகுதியில் எங்கள் தோட்டத்துக்கு வரும் சூப்பர்ப் ஃபேரி ரென் குருவிகள் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, படமெல்லாம் கலங்கலாக வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

பலன் தந்தது தண்ணீர்த் தட்டு யோசனைதான். இவை முக்கியமாகப் பூச்சி தின்பவை என்பதால் தானியத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆழமில்லாத மண் தட்டை கிரெவில்லியா புதரை ஒட்டித் தரையில் வைத்து, பக்கத்தில் ஒரு காய்ந்த குச்சியை நட்டேன். இப்போது குடும்பமாக வருகின்றன. தட்டில் இறங்குமுன் ஒவ்வொன்றும் குச்சியில் ஒரு நொடி உட்கார்ந்து, வாலை நெட்டுக்குத்தாக நிமிர்த்திச் சுற்றுமுற்றும் பார்க்கிறது. அந்த நொடி போதும். தரையோடு படுத்து, 400 மி.மீ. லென்ஸில், 1/2000 வினாடியில் எடுத்தேன். வெயில் ஏறினால் ஆணின் உச்சந்தலை நீலம் படத்தில் வெளுத்துவிடுகிறது. எக்ஸ்போஷரை (கேமரா பதியும் ஒளியின் அளவை) 2/3 ஸ்டாப் குறைத்தால் இறகின் இழைகூடத் தெரிகிறது.

எதிர்பாராத ஒன்று: படத்தைப் பெரிதாக்கினால், பெண் என்று நினைத்த பழுப்புக் குருவிகளில் ஒன்றுக்கு அலகு கறுப்பு, வாலில் நீலம். இனப்பெருக்கக் காலம் முடிந்து நீலத்தை உதிர்த்த ஆண் அது! பெண்ணுக்கு அலகும் கண்ணோரமும் செம்பழுப்பாக இருக்கும்.

அப்புறம், வளைந்த நீள அலகுள்ள ஈஸ்டர்ன் ஸ்பைன்பில் என்ற பறவையும் அதே தட்டில் குளிக்க வருகிறது. தட்டைத் தினமும் கழுவித் தண்ணீரை மாற்றுங்கள்.