தெம்பின் நாகேல முழங்கை "டொக்"னு கேட்ட அன்னிக்கு

ஐகிடோவுல கியூ டெஸ்ட்டுக்கு (கருப்பு பெல்ட்டுக்கு முந்தின கிரேடுக்கான தேர்வு) ரெடியாயிட்டு இருந்த சமயம். பார்ட்னர் எனக்கு ஜூனியர். டெக்னிக் தெம்பின் நாகே, சில டோஜோல (பயிற்சிக் கூடத்துல) ஊதே கிமே நாகேம்பாங்க. தெம்பின்னா ஜப்பானிய மொழியில தராசு. ஊகேவோட, அதாவது வீசப்படறவரோட, மணிக்கட்ட ஒரு கையில நீட்டிப் பிடிச்சு, நம்ம இன்னொரு கைய அவர் கைக்கு அடியில கொடுத்து முன்னாடி அடி வச்சா அவர் உருண்டு போவாரு, பார்க்க தராசுத் தண்டு மாதிரியே இருக்கும்.

அன்னிக்கு அவர் கைக்கு அடியில நுழைஞ்சதும் பிடி சரியில்லன்னு ஒரு செகண்ட் நின்னு கிரிப்ப மாத்தினேன், அதுக்குள்ள அவரும் பாலன்ஸ் வந்து நிமிர்ந்துட்டாரு, கை மட்டும் நேரா நீண்டு பூட்டிக்கிட்டு இருக்கு, நான் அத கவனிக்காம தோளத் தூக்கி மேல்பக்கமா ஒரு தள்ளு. டொக். அவர் உருளல, அப்படியே முட்டி போட்டு உக்காந்துட்டாரு. எலும்புக்கு ஒண்ணும் ஆகல, தசைநார் இழுத்துடுச்சு. ஆனா சில வாரம் அவர் மேட் ஓரமா உக்காந்து வேடிக்கை பார்த்தத நானும் பார்க்க வேண்டியிருந்துச்சே, அது தனி தண்டனை.

"ஏன் டேப் பண்ணல, கையால தட்டி நிறுத்தச் சொல்லியிருக்கலாமே"ன்னு கேட்டேன் (இதக் கேட்டதுக்கே ஒரு அறை விட்டிருக்கணும்). "டைம் எங்கண்ணா இருந்துச்சு"ன்னாரு. அப்பதான் உறைச்சுது. தரையில அமுக்கிப் பிடிக்கற 'பின்' டெக்னிக்ல வலி மெதுவா ஏறும், தட்ட நேரம் கிடைக்கும். வீசறதுல அவருக்கு இருக்கற ஒரே வழி முன்னாடி உருள்றது, அத நான் நடுவுல நின்னு அடைச்சுட்டேன்.

இப்போ என் முன்கை அவரோட முழங்கை மூட்டு மேலயே படாது, கொஞ்சம் தோள் பக்கமா மேல்கைச் சதைல. கையால தூக்கறதில்ல, இடுப்போட நடந்துடறேன். நடுவுல நின்னுட்டா அதோட விட்டுட்டு முதல்ல இருந்து.

———

மேல எழுதினவரு வீசற பக்கம், நான் பெரும்பாலும் ஊகேதான், அந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணு. பயத்துல கைய விறைப்பாக்கி எதிர்த்து நிப்போம் பாருங்க, அப்பதான் மொத்த பாரமும் முழங்கைல ஏறும். லேசா மடக்கி வச்சுக்கிட்டு கால நகர்த்திட்டே இருந்தா பாதி பயம் போயிடும். அப்புறம் உருளும்போது கைய வட்டமா, சுண்டுவிரல் பக்கம் தரையில படற மாதிரி, தலைய உள்ள இழுத்து, தோள்ல இருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்கா. ஒருத்தர் ஒருதடவ என் மணிக்கட்ட கடைசி வரைக்கும் விடவே இல்ல, பாதி ரோல்ல தொங்கினேன். தயவுசெஞ்சு விட்டுடுங்க சாமி!

———

ரோல் வராத புதுசு யாராவது வந்தா நான் வீசறதே இல்ல. பாலன்ஸ் கலையற இடம் வரைக்கும் கொண்டு போய் நிறுத்தி, கைய கீழ இறக்கி விட்டுடுவேன். "எப்ப தூக்கிப் போடுவீங்க"ன்னு ஒருத்தர் ஒரு மாசமா கேட்டுட்டே இருக்காரு.