நிபோங் திபால் பக்கம் நான் பார்த்த தொடர் ஓட்டம்

பால்மர நிழல்:
மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில், பிள்ளைகள் குறைந்துபோன ஒரு தமிழ்ப்பள்ளி. பெயர் வேண்டாம், பெருநிலத்துக்காரர்களுக்குத் தெரியும். விளையாட்டுப் போட்டிக்குப் பழைய மாணவன் என்று என்னை அழைத்திருந்தார்கள். தொடர் ஓட்டத்துக்கு அணிக்கு நால்வர் வேண்டும். நீல அணியில் மூவர்தான். முதலில் ஓடி முடித்த பையன், மூச்சு வாங்க வாங்கத் திடலைக் குறுக்கே கடந்து, கடைசி ஆளின் இடத்தில் நின்று மறுபடியும் கோலுக்குக் கை நீட்டினான். அங்கே யாருக்கும் அது புதிதாகத் தெரியவில்லை. அதே நீல அணியில் இடம் கிடைக்காமல் அழுதவன் நான். ஒரு மாதமாக அந்தக் கை கண்ணிலேயே நிற்கிறது.

கடைவீட்டுப் பிள்ளை:
பள்ளியில் பிள்ளைகள் இப்படிக் குறைந்தது எங்களுக்கு ஜார்ஜ் டவுன் நகரில் நடந்தது. வாடகைக் கட்டுப்பாடு 1999 இறுதியோடு முடிந்தது. கடைவீடுகளில் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வாடகை ஏறியதும் கிளம்பின. ஆசிரியை பெயர் கூப்பிட்டார். என் பக்கத்து நாற்காலி காலி. "வீடு மாறிவிட்டான் டீச்சர்" என்று நான்தான் சொன்னேன். அவர் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். ஆனாலும் தோட்டப் பள்ளிகள் விஷயம் வேறு. அங்கே பெற்றோர் மனம் வைத்திருந்தால் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

லயத்துக்காரி:
தம்பி, பெற்றோரைச் சொல்லாதீர்கள். ஏழு வயதுக்கும் பதினான்குக்கும் இடையில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று வெள்ளைக்காரர் காலத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களைக் கட்டாயப்படுத்தியது. ஆள் இருந்த இடத்தில் பள்ளி முளைத்தது, அவ்வளவுதான். பிறகு தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அதற்கு அத்தனை கை தேவையில்லை. நாங்கள் பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போனோம். பள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள், இன்று 520-க்குச் சற்று மேல். பிறப்பும் குறைந்தது: என் பாட்டிக்கு ஒன்பது, அம்மாவுக்கு நான்கு, எனக்கு இரண்டு. தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தை இடித்த அன்று என் மூத்தவள் சீருடையோடு வாசலில் நின்று, "இனிப் பள்ளிக்கு எந்தப் பக்கம் போகணும்மா?" என்று கேட்டாள். மனம் இல்லாமலா போனோம்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நானும் இரண்டு வகுப்பு மாணவர்களை ஒரே அறையில் வைத்து நடத்தியவன், கரும்பலகை நடுவே கோடு கிழித்து. அதை விடுங்கள், செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பள்ளியை மூட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். பள்ளியின் உரிமம் கையில் இருந்தால் பிள்ளைகள் இருக்கும் வீடமைப்புப் பகுதிக்கு இடம் மாற்றக் கேட்கலாம். அப்படி மாறிப் பிழைத்த பள்ளிகள் உண்டு. நிலம் தோட்டத்துடையதா, அரசினுடையதா என்று முதலில் பாருங்கள், எல்லாம் அங்கேதான் சிக்கும். புதிய வீடமைப்புகளில் வீடு வீடாகப் போய்ப் பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளை எண்ணுங்கள். முதலாம் ஆண்டு வகுப்புக்கான பதிவு முன்கூட்டியே இணையத்தில் முடிந்துவிடும், டிசம்பரில் ஓடிப் பயனில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு வேனுக்குப் பணம் திரட்டட்டும். தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் வேன்தான் பள்ளியைத் தீர்மானிக்கிறது.

பால்மர நிழல்:
நன்றி ஐயா, வேன் இருக்கிறது, ஏற ஆள் இல்லை. அக்கா, உங்கள் மகள் கேட்டதைப் படித்ததும் விட்டதைச் சொல்லத் தோன்றியது. நீல அணி இரண்டாவதாக வந்தது. பரிசு மேசையில் நான்கு பதக்கங்கள். மூன்றை மாட்டிவிட்டேன். நான்காவதை அந்தப் பையனிடமே நீட்டினேன். வாங்கவில்லை. "அது இன்னொருத்தருக்கு சார்" என்றான்.