ஸ்புரூவுக்குத் தமிழ்ச்சொல்: உறுப்புத்தாங்கியா, சட்டமா, கொடியா?

மடல் 1

வணக்கம் நண்பர்களே,

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான டாங்கி மாதிரிகளை ஒட்டிச் சேர்ப்பதற்குத் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதிவருகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் டாங்கிகள் மட்டும்: சென்டூரியன், கான்கரர், சீஃப்டன், சேலஞ்சர். பெரும்பாலும் 1/100 அளவு. டரட்டுக்குச் சுழல்மாடம், ஹல்லுக்கு உடற்கூடு, டிராக்குக்குச் சங்கிலித்தடம் என்று ஓரளவு ஓடிவிட்டது. முதல் படியிலேயே தடுக்கி நிற்பது ஸ்புரூ.

பெட்டியைத் திறந்ததும் முதலில் கையில் வருவது அதுதான். பாகங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் கம்பிச் சட்டம். அதிலிருந்து பாகத்தைப் பிரிக்கும் இடத்தை கேட் என்கிறார்கள்.

என் முன்மொழிவு: ஸ்புரூ = உறுப்புத்தாங்கி; கேட் = வாயில்.

“உறுப்புத்தாங்கியின் வாயிலில் வெட்டவும்” என்று எழுதிப் பார்த்தேன். இலக்கணம் சரிதான். ஆனால் கோட்டை முற்றுகை போல ஒலிக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மடல் 2

> ஸ்புரூ = உறுப்புத்தாங்கி

வணக்கம் ஐயா. இலங்கையில் டாங்க் என்பதற்கே “தாங்கி” என்றுதான் எழுதுவோம். செய்தித்தாளில் “யுத்த தாங்கி” என்று வரும். உங்கள் வழிகாட்டியை யாழ்ப்பாணத்தில் ஒருவர் வாசித்தால் இப்படித்தான் இருக்கும்: “தாங்கியின் உறுப்புத்தாங்கியில் இருந்து சக்கரத்தாங்கியை வெட்டவும்.” மூன்று தாங்கி, மூன்றும் வேறு பொருள். வேறு எந்தப் பொருளின் மாதிரிக்கும் இந்தச் சொல் பொருந்தலாம். டாங்கிக்கு மட்டும் பொருந்தாது.

சும்மா “சட்டம்” என்றால் என்ன? கதவுச் சட்டம், படச் சட்டம் எல்லாருக்கும் தெரியும். சட்டம் ஏ, சட்டம் பி என்று எண்ணவும் சுகம்.

இன்னொன்று. பிளாஸ்டிக்கிலேயே ஏ, பி என்று எழுத்து புடைத்திருக்கும். பாக எண்களும் ஏ12, பி7 என்று அதை ஒட்டியே வரும். மொழிபெயர்ப்பில் அதை அ12, ஆ7 என்று மாற்றிவிடாதீர்கள். கையில் உள்ளதற்கும் தாளில் உள்ளதற்கும் பொருந்தாமல் போய்விடும்.

மடல் 3

பெயர் வைக்குமுன் பொருளைப் பிரித்துப் பார்த்துவிடலாம். நாம் ஸ்புரூ என்று சொல்வதே தொழிலில் பாதி தவறு.

இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் (உருக்கி அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் முறை) உருகிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மூன்று வழிகளைக் கடந்து பாகத்துக்குள் போகிறது. எந்திரத்தின் முனையிலிருந்து அச்சுக்குள் இறங்கும் கூம்பு வடிவ முதன்மை வழிதான் உண்மையான ஸ்புரூ. அதிலிருந்து கிளை பிரிந்து அச்சு முழுக்க ஓடுவது ரன்னர். ரன்னரிலிருந்து ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் நுழையும் குறுகிய கழுத்து கேட். மாதிரிப் பெட்டியில் நம் கைக்கு வரும் செவ்வகச் சட்டம் முழுவதும் ரன்னர்தான். ஸ்புரூவின் மிச்சம் அதில் எங்காவது ஒரு கட்டைக் குச்சியாக நின்றால் உண்டு. மோல்டிங் பட்டறைகளில் ரன்னர் என்றே சொல்வார்கள். பொழுதுபோக்காகச் செய்பவர்களிடம்தான் முழுச் சட்டத்துக்கும் ஸ்புரூ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

கேட் ஏன் குறுகலாக இருக்கிறது? அந்த இடம் முதலில் உறைந்து மூடிக்கொள்ள வேண்டும், பிறகு வெட்டவும் எளிதாக இருக்க வேண்டும். ரொம்பக் குறுகிவிட்டால் பாகம் நிறையும் முன்பே அடைத்துக்கொள்ளும். சுழல்மாடத்தின் மேல் நிற்கும் இயந்திரத் துப்பாக்கியின் நுனி சில பெட்டிகளில் மொட்டையாக வருவதற்கு இது ஒரு காரணம். அகலமாக வைத்தால் வெட்டிய இடத்தில் பெரிய வடு.

ஆக, ஓடி வந்து, கிளைத்து, உணவு கொடுத்து, நுனியில் காய்க்கிறது. இதற்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது.

ஸ்புரூ (உண்மையானது) = தண்டு
ரன்னர், அதாவது நம் கைக்கு வருவது = கொடி
கேட் = காம்பு

மெழுகு வார்ப்பில் நகை செய்பவர்களும், மோதிரங்கள் ஒட்டிய மெழுகுத் தண்டை “ட்ரீ” என்றுதான் சொல்கிறார்கள். செடிகொடி உவமை இந்தத் தொழிலுக்கு வெளியிலிருந்து வந்ததில்லை.

“வாயில்” அச்சு செய்பவரின் பார்வை: பிளாஸ்டிக் உள்ளே போகும் இடம். மாதிரி செய்பவருக்கு அது வெளியே வரும் இடம். அவர் கையில் இருப்பது காம்பு.

மடல் 4

> நம் கைக்கு வருவது = கொடி

காம்பு பிரமாதம், கண்ணை மூடிக்கொண்டு ஏற்கிறேன். கொடி மீது மூன்று ஐயங்கள்.

ஒன்று, கொடி என்றால் தேசியக் கொடி. பெட்டிக்குள் ஒட்டுப்படத் தாளும் இருக்கும். “கொடி பி-யை எடுக்கவும்” என்றால் புதியவர் அந்தத் தாளில் யூனியன் ஜாக்கைத் தேடுவார். இரண்டு, கொடி வளையும், நெளியும். இது விறைப்பான செவ்வகம். மூன்று, 6 மிமீ விளையாட்டுக்கு வரும் 1/300 டாங்கிகள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோக வார்ப்பு. ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவிடும் பிசின்) மாதிரிகளும் உண்டு. அவற்றுக்கு இந்தச் சட்டமே கிடையாதே?

மடல் 5

இரண்டாவது ஐயத்துக்கு முதலில். துணி காயப்போடும் கொடி வீட்டுக்கு வீடு இருக்கிறது. இழுத்துக் கட்டிய கயிறு. இரும்புக் கம்பியாக இருந்தாலும் கொடிதான். தாலிக்கொடி, தொப்புள்கொடி. ஒன்றைத் தொங்கவிடுவது, ஊட்டுவது இரண்டும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. தொப்புள்கொடியை நினைத்தால் ரன்னரின் வேலை முழுவதும் விளங்கிவிடும்: ஊட்டும், பிறகு அறுக்கப்படும்.

தேசியக் கொடிக் குழப்பத்துக்கு முதல் முறை “வார்ப்புக்கொடி” என்று எழுதி, பிறகு கொடி என்று சுருக்கலாம். ஒட்டுப்படத்தில் உள்ளதைக் கொடிச்சின்னம் என்றால் தீர்ந்தது.

உலோகத்தில் காம்பு அப்படியே நிற்கும். சுழல்வார்ப்பில், அதாவது சுழலும் ரப்பர் அச்சில் உலோகத்தை ஊற்றும்போது, அச்சிலிருந்து காற்று வெளியேற விடும் நுண்வழிகளிலும் உலோகம் ஏறி, பீரங்கி முனையிலும் சக்கர விளிம்பிலும் மயிர் போல நீட்டிக்கொண்டிருக்கும். அது காம்பில்லை, அதற்குத் தனிச்சொல் வேண்டும். நான் “காற்றுமுளை” என்பேன். ரெசினில் ஊற்றிய பக்கம் கட்டையாக நிற்பது “ஊற்றுக்கட்டை”. அதை அறுத்து உப்புத்தாளில் தேய்க்கும்போது தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும், முகமூடியும் வேண்டும். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

மடல் 6

ஒரு கலைச்சொல் நிற்குமா என்று பார்க்க, அதிலிருந்து அடுத்த சொல் பிறக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். “சட்டம்” அங்கேதான் தோற்கிறது.

கொடியை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் உருட்டிக்கொண்டே பிடித்து, நடுவில் தொய்ந்ததும் சுடரை விட்டு விலக்கி, இரு பக்கமும் இழுத்தால் நூல் வரும். வேகமாக இழுத்தால் மெல்லியது, மெதுவாக இழுத்தால் தடித்தது. அதுதான் கொடியிழை. சென்டூரியனின் வானொலிக் கம்பிக்குக் காட்சி மாதிரியில் இது போதும். விளையாட்டு மாதிரியில் வைக்காதீர்கள். இரண்டாவது ஆட்டத்தில் ஒடிந்துவிடும். துடைப்பத்தின் நைலான் நார்தான் அங்கே உழைக்கும்.

அதே கொடியைப் பொடிப்பொடியாக நறுக்கி, அடியில் கொஞ்சம் மீந்த மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட் (பாகங்களை ஒட்டும் நீர்த்த பசை) பாட்டிலில் போட்டு ஓரிரவு விட்டால் கரைந்து கூழாகும். இடைவெளி அடைக்கலாம். கொடிக்குழம்பு! சட்டக்குழம்பு என்று சொல்லிப் பாருங்கள், நீதிமன்றக் கேன்டீன் நினைவுக்கு வரும். இது உலர உலரச் சுருங்கும். அதனால் கொஞ்சம் மேடாகப் பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். பாலிஸ்டைரீனுக்கு மட்டுமே ஆகும். ரெசினிலும் உலோகத்திலும் பிடிக்காது.

இனி, இந்த டாங்கிகளுக்கு முக்கியமான இன்னொரு சொல். அச்சின் இரு பாதிகளும் சரியாக மூடாமலோ தேய்ந்தோ இருந்தால் ஓரத்தில் கசியும் மெல்லிய சவ்வு “பிசிறு”. இதில் விவாதமே இல்லை. அச்சு நன்றாக இருந்தாலும் இரு பாதிகளும் கூடும் இடத்தில் ஒரு கோடு விழும். அதை “அச்சுக்கோடு” என்று தனியாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் சென்டூரியனின் சுழல்மாடம் வார்ப்பிரும்பு போலச் சொரசொரப்பான வார்ப்பெஃகு, மேல் தகடு பற்றவைத்தது. அந்த வெல்டிங் தடம் உண்மையான டாங்கியிலேயே உண்டு. “கோடுகளைச் சுரண்டவும்” என்று பொதுவாக எழுதினால் அதையும் சேர்த்து வழித்துவிடுவார்கள்.

சென்டூரியனின் பிந்தைய வகைகளில் வரும் 105 மிமீ எல்7 பீரங்கியில் இன்னும் மோசம். குழாயின் நடுவே புடைத்திருக்கும் புகைநீக்கி, குழாயின் மையக்கோட்டிலிருந்து விலகியே இருக்கும், வடிவமைப்பே அப்படி. அச்சுப் பாதிகள் நகர்ந்து விழுந்த பிழை என்று நினைத்துச் சமன் செய்பவர்கள் உண்டு. சோதனை எளிது: அச்சு நகர்ந்திருந்தால் படி போன்ற விளிம்பு குழாயின் முழு நீளத்துக்கும் ஓடும். புடைப்பில் மட்டும் கோணல் என்றால் கை வைக்கக் கூடாது. ஆவடியில் கட்டிய இந்திய டாங்கியான விஜயந்தாவிலும் இதே எல்7 வகைதான் என்பதால், அந்த மாதிரி செய்பவர்களுக்கும் இது பயன்படும்.

மடல் 7

எல்லாருக்கும் நன்றி. உறுப்புத்தாங்கியைத் திரும்பப் பெறுகிறேன். புதிய சொற்களை வைத்து, 1/100 சென்டூரியனுக்கு முதல் பத்தி:

“வார்ப்புக்கொடிகளை இளஞ்சூடான சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தவும், அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் பிடிக்காது. பாகத்தின் காம்பைக் கிள்ளி எடுக்கவும். முதல் வெட்டைப் பாகத்திலிருந்து 2 மிமீ தள்ளி, இரண்டாவது வெட்டை நெருக்கி. வெட்டுக்குறட்டின் தட்டையான பக்கம் பாகத்தைப் பார்த்து இருக்கட்டும். மிஞ்சிய காம்புவடுவைக் கத்தியால் சீவி, 400, பிறகு 800 எண் உப்புத்தாளால் தேய்க்கவும். பீரங்கிக் குழாயின் அச்சுக்கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டவும். உப்புத்தாளைத் தட்டையாக வைத்துத் தேய்த்தால் உருண்டைக் குழாய் பட்டையாகிவிடும். பக்கத் தகடுகளைச் சங்கிலித்தடம் பொருத்திய பிறகே ஒட்டவும். ஒட்டி முடித்ததும் உடற்கூடு ஏறத்தாழ 76 மிமீ நீளம் இருக்கும்.”

1/35 அளவுக்கு ஒரு குறிப்பும் சேர்க்கிறேன். பக்கத்துக்கு ஆறு சக்கரம், ஒவ்வொன்றும் இரட்டை, ஆக 24 வட்டு. வட்டுக்கு இரண்டு காம்பு என்றாலே 48 காம்பு, காம்புக்கு இரண்டு வெட்டாக 96 வெட்டு. ரப்பர் விளிம்பில் கொஞ்சம் கடிபட்டால் கவலை வேண்டாம், ஓடித் தேய்ந்த டயர் போலத்தான் தெரியும்.

மடல் 8

> பாகத்தின் காம்பைக் கிள்ளி எடுக்கவும்.

இந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். காம்பு என்று படித்ததும் கை தானாகக் கீரை ஆய்வது போலக் கிள்ளப் போகும். முறுக்கிப் பிய்த்தால் காம்பு பாகத்தின் ஓரத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். அங்கே குழி விழும், சுற்றிலும் பிளாஸ்டிக் வெளிறும். சீஃப்டன் சுழல்மாடத்தின் பின்னால் இருக்கும் கூடைக் கம்பிகள் போன்ற மெல்லிய பாகங்கள் நேராக ஒடிந்தே போகும். அவற்றுக்குக் காம்பைத் தொடும் முன், சுற்றியுள்ள கொடியை இரண்டு மூன்று இடத்தில் வெட்டி இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். அதையும் ஒரு வரி சேருங்கள்.

மடல் 9

சரி. “கிள்ளி” போய் “குறட்டால் நறுக்கி” வந்துவிட்டது. மெல்லிய பாகங்களுக்கு முன்னால், “முதலில் கொடியை அறுக்கவும், பிறகு காம்பை” என்று சேர்த்துவிட்டேன்.