வேட்டுத்தேர்வு முத்திரை: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

டர்பன் கண்காட்சிக்காக நாம் எழுதிவரும் தமிழ்க் குறிப்பட்டைகளுள் அந்தச் சிறிய சுழல் துப்பாக்கிக்கு உரியதைப் பற்றியே இம்மடல். வரைவில் "உற்பத்தியாளர் முத்திரை: ஈ.எல்.ஜி." என்று உள்ளது. சொல் ஒன்று பிழையானதால் செய்தியே பிழையாகிவிட்டது. ஈ.எல்.ஜி. என்பது எந்தப் பட்டறையின் பெயரும் அன்று. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், வழக்கத்தைவிட மிகுதியான வெடிமருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, குழலும் உருளையும் பிளவுபடாமல் தாங்கின என்று உறுதிசெய்த பின் அரசுச் சோதனையகம் பொறித்த முத்திரை அது. லியேஜில் இச்சோதனை, அந்நகரம் பிரெஞ்சுப் பேரரசின் கீழ் இருந்த 1810ஆம் ஆண்டில் நெப்போலியனின் ஆணையால் கட்டாயமாக்கப்பட்டது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் அதற்கெனத் தனிச் சோதனையகம் 1813இல் சட்டத்தால் அமைந்தது. லியேஜின் சிறு பட்டறைகள் பலவும் தம் பெயரைப் பொறிக்காமலே துப்பாக்கிகளை விற்றதால், இந்த நீள்வட்ட முத்திரையைக் கண்டு, ஈ.எல்.ஜி. என்றொரு நிறுவனத்தைத் தேடி அலைவோர் இன்றும் உண்டு. அவர்களோடு நம் வாசகரையும் சேர்த்துவிடக் கூடாது.

ஆங்கிலத்தில் "புரூஃப் மார்க்" எனப்படும் இம்முத்திரைக்குத் தமிழில் என்ன பெயரிடுவது என்று முந்தைய மடல்களில் வந்த சொற்களைப் பார்ப்போம். "மெய்ப்புமுத்திரை" செறிவான சொல்தான். ஆயினும் மெய்ப்பு என்றதும் அச்சுப்படியைத் திருத்துவதே நினைவுக்கு வருகிறது. "தரமுத்திரை" வேலைப்பாட்டின் உயர்வைப் புகழ்வதுபோல் ஒலிக்கிறது. இம்முத்திரையோ துப்பாக்கி வெடித்துச் சிதறவில்லை என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. என் மனத்துக்கு முதலில் பிடித்தது "சுடுமுத்திரை". இரண்டு நாள் அதையே எழுதிப் பார்த்தேன். ஆனால் மாட்டுக்குச் சூடு போட்ட அடையாளம் என்ற பொருள் முந்திக்கொண்டு வருகிறது. "வெடிச்சோதனை" என்பதையோ நாளிதழ்கள் அணுகுண்டுக்கே உரியதாக்கிவிட்டன.

எனவே "வேட்டுத்தேர்வு" என்பதை முன்வைக்கிறேன். துப்பாக்கி வேட்டு என்பதும் கோயில் திருவிழாவின் அதிர்வேட்டு என்பதும் தமிழில் வழங்கிவருபவை. வேட்டு என்றால் மருந்து வெடித்து எழும் ஓசை என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சோதனையைக் குறிக்க வேட்டுத்தேர்வு, அது நடக்கும் இடத்துக்கு வேட்டுத்தேர்வகம், பொறிப்புக்கு வேட்டுத்தேர்வு முத்திரை என்று ஒரே வேரிலிருந்து மூன்றும் கிளைக்கின்றன. இங்கே வார இறுதி வகுப்புகளில் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தொடர்பற்ற மூன்று சொற்களைத் தருவதைவிட இது நல்லது. சொல் நீளம் என்று ஐயா ஒருவர் சொல்லக்கூடும். நீளந்தான், ஆனால் பிரித்தால் பொருள் தானே விளங்குகிறது.

இச்சொல் துல்லியமாக இருக்க வேண்டியதன் காரணம், காலக்கணிப்பு முழுவதும் இம்முத்திரையையே சார்ந்திருப்பதுதான். ஈ.எல்.ஜி. நீள்வட்டத்தின் மேல் கிரீடம் சேர்ந்தது 1893இல். வரிப்பள்ளம் வெட்டிய குழலைக் குறிக்கும், கிரீடம் தாங்கிய ஆர் எழுத்து 1894இல் வந்தது. நம் துப்பாக்கியில் இரண்டும் தெளிவாக உள்ளன. ஆகவே அது 1894க்கு முந்தியதாக இருக்க முடியாது. அதற்கு எத்தனை ஆண்டு பிந்தியது என்பதை இம்முத்திரைகள் கூறா. மடங்கும் விசையும், துருத்தாமல் உள்ளடங்கிய சுத்தியலும், ஏறத்தாழ ஐந்தே முக்கால் மில்லிமீட்டர்க் குழல்விட்டமும், 1890களில் மிதிவண்டிக்காரர்கள் துரத்தும் நாய்களுக்கு அஞ்சிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட "வேலோ டாக்" வகையையே காட்டுகின்றன.

இதனால் ஒரு வருத்தமும் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனை வந்தடைந்த துரூரோ கப்பலில் தம் மூதாதையர் இதைக் கொண்டுவந்தார் என்றுதான் இத்துப்பாக்கிக்கு உரிய குடும்பம் தலைமுறையாக நம்பிவந்திருக்கிறது. அவர் அக்கப்பலில் வந்ததை இம்முத்திரை மறுக்கவில்லை. துப்பாக்கி அவரோடு வரவில்லை என்று மட்டுமே சொல்கிறது. வீட்டிலுள்ள பெரியம்மாவிடம் இதை நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். குறிப்பட்டையைப் படித்து அவர் முதன்முதலாக அறியும்படி விடக் கூடாது.

பழையதுதானே, உரிமம் எதற்கு என்று கேட்ட அன்பருக்கு ஒரு சொல். தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் இயற்றப்பட்டபோது, 1900க்கு முன் செய்யப்பட்ட, குழலின் வாய்வழியே வெடிமருந்திடும் துப்பாக்கியையும் அதன் போலிப் படியையுமே பழம்பொருள் என்றது. தோட்டாவைப் பின்புறமிருந்து இடும் இது, எவ்வளவு பழையதானாலும் அதில் அடங்காது.

மறுப்பு இல்லையெனில் குறிப்பட்டையின் இரண்டாம் வரியை இவ்வாறு மாற்றிவிடுகிறேன்: "செய்தவர் பெயர் இல்லை, லியேஜ் வேட்டுத்தேர்வு முத்திரை உண்டு, 1894 அல்லது அதற்குப் பின்."