ரோபோ ராணுவக் கதைகள் தமிழில் கிடைக்குமா?

வணக்கம். குன்னூரில் எங்கள் வாசிப்புக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு, போரையும் ரோபோக்களையும் சேர்த்துக் கேலி செய்யும் பழைய அறிவியல் கதைகள் தேடுகிறோம்.

போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம் 1965இல் வெளியிட்ட 'சைபீரியட்' தொகுப்பில் அப்படி ஒன்று இருக்கிறது. ட்ரர்ல், கிளபாசியஸ் என்ற இரண்டு ரோபோப் பொறியாளர்கள் ஆளுக்கொரு ராஜாவிடம் போய்ச் சேர்கிறார்கள். இருவரும் படைக்குச் சொல்லும் யோசனை ஒன்றே: ஒவ்வொரு சிப்பாய்க்கும் முன்னால் பிளக், பின்னால் சாக்கெட். எல்லோரையும் செருகிக்கொண்டே போனால் மொத்தப் படைக்கும் ஒரே மூளை. ராஜாக்களுக்கு ஏகக் குஷி. ஆனால் அந்த மூளை பெருகப் பெருகத் தத்துவத்தில் இறங்கிவிடுகிறது. கடைசியில் இரண்டு படைகளும் கைகோத்துப் பூப்பறிக்கப் போகின்றன!

இதன் தமிழ் மொழிபெயர்ப்பு யாரிடமாவது உண்டா? வெலிங்டனில் இருக்கும் ஓய்வுபெற்ற ராணுவத்தினரும், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காரர்களும் வருவார்கள். அதனால் கிண்டல் மேலிடத்தின் மேல் விழ வேண்டும், சிப்பாய் மேல் வேண்டாம். காரெல் சாபெக்கின் 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தையும் (1920) யோசித்தோம். நீளம் அதிகம், அப்புறம் மனித குலமே அழிகிற கதைக்கு எங்கே சிரிப்பது!

அரை மணி நேரத்துக்குள் வாசித்து முடிக்கிற வேறு கதை தெரிந்தாலும் சொல்லுங்கள். புத்தகம் ஊட்டியில் இருந்தால் நேரில் வருகிறேன். கோவை என்றால் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள், குன்னூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்கிறேன்.